தொட்டி மண்ணும் வடிகாலும்

காவிரி வண்டல் நெல்லுக்குத் தாய். தொட்டி மல்லிகைக்கோ மாற்றாந்தாய். நெல்லின் தாளிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் உள. ஆதலால் தேங்கிய நீரிலும் அதன் வேர் மூச்சுவிடும். மல்லிகைக்கு அவ்வசதி இல்லை. இதைப் பிள்ளைகளுக்குப் போதித்த நானே, காலஞ்சென்ற என் மனைவி வளர்த்த மல்லிகையை வயற்களியில் மாற்றி நட்டு, ஓர் ஐப்பசி மழையில் அழுகவிட்டேன்.

தப்பிய கிளை ஒன்றை, தஞ்சையை அடுத்த வல்லத்துச் செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மட்கிய மாட்டெரு 1 பங்கு கலந்து நட்டேன், துளிர்த்திருக்கிறது. எரு மட்காவிடில் வேரைச் சுடும். தொட்டியின் அடித்துளை மண்ணால் அடைபடாதிருக்க, அதன்மேல் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஈரக் கலவையைக் கையிற் பிடித்து விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் இன்னும் ஒரு பிடி மணல் சேருங்கள்.