நிரலுக்குள் கடவுச்சொல் வேண்டாம்

சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் பைத்தானில் ஒரு சிறிய நிரல் எழுதினார். மாதத் தேர்வு மதிப்பெண்களை அட்டவணையிலிருந்து எடுத்து, அந்தந்தப் பெற்றோருக்கு மின்னஞ்சலில் அனுப்பும் நிரல் அது. அனுப்புவதற்கு என் மின்னஞ்சல் கணக்கைப் பயன்படுத்தினோம். அதற்காக 16 எழுத்துள்ள செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கி நான்தான் கொடுத்தேன். நிரல் நன்றாக வேலை செய்தது. மகிழ்ச்சியில் அதை கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிட்டு, இணைப்பை எனக்கும் அனுப்பினார். திறந்து பார்த்தால், ஏழாவது வரியில் மேற்கோள் குறிகளுக்கு நடுவே என் கடவுச்சொல் யாரும் பார்க்கும்படி இருந்தது.

சொன்னவுடன் பதறிப்போனார். அரை மணி நேரத்தில் செய்தி வந்தது: "அந்த வரியை அழிச்சிட்டேன் சார்."

அழித்தால் போய்விடுமா என்பதுதான் கேள்வி. கிட் என்ற மென்பொருள் உருவாக்கப்பட்டதே ஒரு நிரலில் எப்போது, யார், எந்த வரியை மாற்றினார் என்ற வரலாற்றைச் சேமித்து வைக்கத்தான். மதிப்பெண் பதிவேட்டில் ஒரு கோடு போட்டுத் திருத்துவோம் இல்லையா? பழைய எண்ணும் படிக்கும்படி அடியிலேயே இருக்கும். கிட்டும் அப்படித்தான். மாணவர் அழித்த வரியைப் பழைய பதிப்பில் இரண்டு சொடுக்கில் நான் எடுத்துக் காட்டினேன். அந்தக் கடவுச்சொல் கையில் கிடைத்தவர் என் பெயரில் கடிதம் அனுப்பலாம். என் அஞ்சல் பெட்டியைப் படிக்கலாம். அதில் இரண்டு வகுப்பு மாணவர்களின் முகவரியும் பெற்றோர் கைப்பேசி எண்களும் இருந்தன.

எனவே முதல் வேலை வரியை அழிப்பதல்ல, கடவுச்சொல்லைச் செல்லாததாக்குவது. கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் அதை நீக்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பள்ளி மாணவர் மட்டும் செய்யும் தவறல்ல இது. டொயோட்டா நிறுவனத்தின் 'டி-கனெக்ட்' சேவைக்கான இணையதளத்தை உருவாக்கிய ஒப்பந்த நிறுவனம், அதன் மூல நிரலில் ஒரு பகுதியை 2017 டிசம்பரில் தவறுதலாகக் கிட்ஹப்பில் பொதுப் பார்வைக்கு வைத்துவிட்டது. வாடிக்கையாளர் தரவு இருந்த சேவையகத்தின் அணுகல் சாவியும் அதற்குள் இருந்தது. 2022 செப்டம்பரில்தான் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள்! 2,96,019 பேரின் மின்னஞ்சல் முகவரிகள் வெளியே போயிருக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது. யாராவது எடுத்தார்களா என்று உறுதிசெய்யவும் முடியவில்லை, இல்லை என்று மறுக்கவும் முடியவில்லை.

"தனிப்பட்டதாக வைத்துக்கொண்டால் போதாதா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். 2016இல் ஊபர் நிறுவனத்தில் நிரல் தனிப்பட்ட களஞ்சியத்தில்தான் இருந்தது. உள்ளே நுழைந்தவர்கள் அங்கே கிடைத்த சாவியைக் கொண்டு 5.7 கோடிப் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்களை எடுத்தார்கள்.

சரி, கடவுச்சொல் இல்லாமல் நிரல் எப்படி ஓடும்? நிரலுக்குள் கடவுச்சொல்லை எழுதாமல், அதை எங்கிருந்து கேட்டு வாங்க வேண்டும் என்று மட்டும் எழுத வேண்டும். கடவுச்சொல் கணினியின் சூழல் மாறி ஒன்றில் இருக்கும். நிரல் ஓடும் நேரத்தில் அதை இயங்குதளத்திடம் பெயர் சொல்லி வாங்கிக்கொள்ளும். மாணவர்களுக்கு இதைவிட எளிய வழி, 'டாட் என்வ்' என்ற தனிக் கோப்பில் கடவுச்சொல்லை வைப்பது. அந்தக் கோப்பின் பெயரை 'கிட் இக்னோர்' கோப்பில் ஒரு வரியாக எழுதிவிட்டால், கிட் அதைக் கண்டுகொள்ளாது. நிரல் மட்டும் மேலே ஏறும். வரிசை முக்கியம். ஒருமுறை கிட்டில் பதிவான கோப்பைப் பிறகு 'கிட் இக்னோர்' பட்டியலில் சேர்த்துப் பயனில்லை. இதில்தான் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள்.

2024 முதல் கிட்ஹப், பொதுக் களஞ்சியங்களில் ஏறும் நிரலில் சாவி தென்பட்டால் தானாகவே தடுக்கிறது. ஆனால் அறிந்த வடிவில் உள்ள சாவிகளைத்தான் அதனால் அடையாளம் காண முடியும். பள்ளியின் பெயரோடு 123 சேர்த்த கடவுச்சொல் அதன் கண்ணில் படாது. நம் பள்ளிகளில் எத்தனை கடவுச்சொற்கள் அப்படி இருக்கின்றன என்பது நமக்கே தெரியும்!

கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பிஎச்பியை மைஎஸ்கியூஎல் உடன் இணைக்கும் பகுதியை நடத்தும்போது, சேவையகம், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் ஒரே வரியில் கரும்பலகையில் எழுதுவது வழக்கம். கருத்து புரிய அது போதும். நானும் பல ஆண்டுகள் அப்படியே எழுதினேன். மாணவர்கள் கற்றுக்கொண்டதும் அதைத்தான். இப்போது அந்த வரியைப் புரியவைத்த பிறகு, கடவுச்சொல் இருக்கும் இடத்தை அழிப்பானால் துடைத்துவிட்டு, "இது எங்கிருந்து வரும்?" என்று கேட்கிறேன். அந்தப் பாடவேளையின் மீதி நேரம் அதிலேயே போய்விடுகிறது.