மக்களோடு கூடிய ஆராய்ச்சியும் தமிழாசிரியர் பயிற்சியும்

பல்கலைக்கழகத்தின் கடமை கற்பித்தல், ஆராய்தல் என்னும் இரண்டோடு முடிவதன்று. தன்னைச் சூழ்ந்து வாழும் மக்களோடு அறிவுத்தொடர்பு கொள்ளுதல் அதன் மூன்றாவது கடமை என்பது கல்வியாளர் பலரும் உடன்பட்ட கொள்கை. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவும் 1970களின் பிற்பகுதியிலேயே இதனை விரிவாக்கப்பணி என்னும் பெயரால் ஏற்றுக்கொண்டது. எனினும் தமிழ்த்துறைகளில் இக்கொள்கை இன்னும் வேர்கொள்ளவில்லை. வேளாண்மை, மருத்துவம், பொருளியல் ஆகிய துறைகளுக்கே அஃது உரியது என்றும், இலக்கியம் கற்பிப்போர்க்கு ஊரில் யாது பணி என்றும் கருதுவார் நம்முள் உளர். அக்கருத்துப் பொருந்தாமையையும், ஆசிரியர் அப்பணிக்குத் தகுதி பெறுதற்கு வேண்டுவன யாவை என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் அந்நூலுக்கு முதலாக வழக்கு, செய்யுள் என இரண்டனைக் கூறுகின்றது. அவற்றுள்ளும் வழக்கே முன் நிற்கின்றது. நம் பாடத்திட்டமோ செய்யுளைப் பெரிதும் போற்றி, வழக்கினை ஒரு தாளளவில் அடக்கிவிட்டது. செய்யுளின் மூலம் ஏட்டிலும் நூலிலும் உள்ளது. வழக்கின் மூலமோ வயலிலும் தறியிலும் கடற்கரையிலும் தொழில் செய்வார் நாவில் உள்ளது. ஆதலின், மக்களிடம் செல்லுதல் தமிழாசிரியர்க்கு வெறுந்தொண்டு அன்று. தம் துறையின் மூலங்களுள் ஒன்றனை நாடிச் செல்லுதலே ஆகும். சுவடி தேடி ஊர் ஊராக நடந்த முன்னோர் மரபில் வந்த நமக்கு இது புதிதும் அன்று.

பல்கலைக்கழகம் மக்களை நாடிய வரலாறு நீண்டது. அமெரிக்க நாட்டில் 1862ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய நிலக்கொடைக் கல்லூரிகளும், 1914ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த வேளாண் விரிவாக்க முறையும் பலரும் அறிந்தவை. நம் நாட்டில் தாகூர், எல்ம்கர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயரின் துணையோடு 1922இல் ஸ்ரீநிகேதனில் ஊராக்கப் பணியைத் தொடங்கினார். காந்திகிராம ஊரக நிறுவனம் 1956இல் எழுந்தது. 1976இல் பல்கலைக்கழக நிலை பெற்ற அந்நிறுவனம் கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றனையும் ஒருங்கே தன் நெறியாகக் கொண்டது. 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப் பெற்றது. இத்திட்டத்தால் மாணவர் அடைந்த பயன் சிறிதன்று. ஆயினும் அதில் ஆசிரியர் பெரும்பாலும் மேற்பார்வையாளராகவே நிற்கின்றார்; முகாம் முடிந்ததும் அவருடைய பாடமும் ஆராய்ச்சியும் முன்பிருந்தவாறே தொடர்கின்றன. தெருவைத் தூய்மை செய்த மாணவர் அத்தெருவார் பேசும் மொழியைப் பற்றி ஒரு வினாவும் எழுப்பாமல் திரும்புதலை யாம் பன்முறை கண்டுள்ளோம்.

எர்னஸ்ட் பாயர் 1990இல் வெளியிட்ட நூலில் புலமையைக் கண்டறிதல், ஒருங்கிணைத்தல், பயன்படுத்தல், கற்பித்தல் என நான்காக வகுத்தார். 1996இல் வெளிவந்த கட்டுரையில் மக்களோடு ஈடுபட்ட புலமை என்னும் கருத்தினை வற்புறுத்தினார். இவ்வகைப்பாட்டினால் விளைந்த நன்மை, ஊர்ப்பணியும் ஆராய்ச்சியே என்று துணிந்து கூறுதற்கு ஆசிரியர்க்கு ஒரு சொல் கிடைத்தமை. ஆனால் பயன்படுத்தல் என்னும் சொல்லில் ஓர் இடர் உண்டு. அறிவு பல்கலைக்கழகத்தில் விளைந்து ஊரில் பயன்படுகின்றது என்னும் எண்ணத்தை அது வளர்த்தல் கூடும். மொழியாராய்ச்சியிலோ அறிவு ஊரிலே விளைந்து பல்கலைக்கழகத்திற்கு வருகின்றது. இவ்வேறுபாட்டை உணராத பயிற்சி தமிழாசிரியர்க்குப் பயன்படாது.

இதனை நெசவாளர் தெரு ஒன்றன்கண் வைத்து நோக்குவோம். பாவு, ஊடை என்னும் சொற்களை அகராதி வழியே அறிந்த ஆராய்ச்சி மாணவர் நெடுக்கிழை, குறுக்கிழை எனப் பொருள் எழுதி அமைவர். தறியருகே அமர்ந்து காண்பார்க்கோ, பாவு என்பது இழையின் பெயராக மட்டும் நில்லாது ஒரு நெடிய தொழிலின் பெயராகத் தோன்றும். இழைகளை நீளமாக ஓட்டுதல், தெருவில் நீட்டுதல், கஞ்சி ஏற்றுதல், உலர்த்துதல், சுருட்டித் தறிக்குக் கொணர்தல் என அதன் நிலைகள் பல. சேலம் முதலிய ஊர்களில் வழங்கும் பாவடி என்னும் இடப்பெயர், பாவு நீட்டுதற்கெனத் தெருவார் பொதுவில் வைத்திருந்த வெளியைக் குறிப்பது. ஏட்டளவில் நின்றால் அஃது இடப்பெயராய்வில் ஒரு வரி. நெய்வாரோடு அமர்ந்து கேட்டால், அவ்வெளி யாருடையது, யார் எந்நேரத்தில் பாவு விரித்தனர், அவ்விடம் இன்று என்னவாயிற்று என்னும் செய்திகள் அச்சொல்லினின்றே விரியும்.

ஊடையிழைகளை நெருக்கி அடிக்கும் சீப்புப் போன்ற கருவியை ஓரிடத்தார் அச்சு என்பர். பிறிதோரிடத்தார் பண்ணை என்பர். முடிந்த பாவின் எச்ச இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பொருத்துதல் பிணைத்தல் எனப்படும். காஞ்சிபுரத்துப் பட்டில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வருமாறு தனித்தனி நாடாக்களைக் கொண்டு இணைத்து நெய்தலைக் கோர்வை என்பர்; அதற்கு நெய்வோர் அருகில் மற்றொருவர் துணை இருத்தல் வேண்டும். அவ்விருவர்க்குமிடையே தொழிலின்போது நிகழும் குறுஞ்சொல்லாடலை எந்த வினாநிரலாலும் பெறுதல் இயலாது. உடனிருந்தே கேட்டல் வேண்டும். தார் சுற்றுதல் முதலிய துணைத்தொழில்கள் பெரும்பாலும் பெண்டிர் கையில் உள்ளன. ஆராய்ச்சியாளர் தறியில் அமர்ந்த ஆடவரை மட்டும் வினவி எழுதிய தொகுப்புகளில் இத்தொழில்களின் சொற்கள் விடுபட்டுப் போதல் இயல்பே.

காலத்தாழ்வுக்கு இடமில்லை என்பதனைக் கணக்கெடுப்புக் காட்டுகின்றது. 2009-10இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் கைத்தறித் தொழிலாளர் 43.31 இலட்சம், 2019-20இல் 35.22 இலட்சம். தறி நின்ற வீட்டில் தறிச்சொல் அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை.

இத்துறையில் அண்டை மொழியார் நமக்கு வழிகாட்டியுள்ளனர். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்கில் வட்டாரத் தொழிற்சொல் அகராதியைத் தொடங்கி, வேளாண்மைத் தொகுதியை 1962இலும் கைத்தறித் தொகுதியை 1971இலும் வெளியிட்டார். தமிழில் பல்கலைக்கழகத்திற்குப் புறத்தே நின்றோர் செய்த பணி பெரிது. நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட நாட்டுப்பாடல் தொகுதியில், பாடலைச் சேகரித்தவர் யார், அது வழங்கும் இடம் யாது என்னும் குறிப்புகள் பாடல்தோறும் இடம்பெற்றன. இது சிறு செயல் போலத் தோன்றினும் ஆராய்ச்சி அறத்தின் அடிப்படை இதுவே. நம் ஆய்வேடுகள் பலவற்றில் பாடியவர், சொன்னவர் அனைவரும் தகவலாளி என்னும் ஒரு சொல்லுள் மறைந்துவிடுகின்றனர். சொல்லுக்கு உரிய பொருளையும் வழக்கையும் வேறுபாட்டையும் எடுத்து விளக்குவாரை ஆசிரியர் என்னாது தகவலாளி என்றல் எங்ஙனம் தகும்?

கி. ராஜநாராயணன் பள்ளிப்படிப்பை நிறைவு செய்யாத உழவர். கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகத் தொகுத்தவர். 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அமர்த்தி, நாட்டார் கதைகளைத் தொகுக்கும் பணியில் ஈடுபடுத்தியது. பட்டத்தைக் கருதாது அறிவைக் கருதிய செயல் அது. ஆயினும் அவர் முன்னரே பெயர்பெற்ற எழுத்தாளர் என்பதனையும் மறத்தலாகாது. பெயரறியப் பெறாத ஒரு நெசவாளர் ஒரு பருவத்திற்கு வருகைதரு ஆசிரியராக முதுகலை வகுப்பில் அமர்ந்து தொழிற்சொல் கற்பித்து, அதற்குரிய மதிப்பூதியம் பெறுவாராயின், அன்றே இந்நெறி தமிழ்த்துறையில் நிலைபெற்றது எனலாம்.

ஆசிரியர்க்கு வேண்டும் பயிற்சியைப் பற்றி யாம் கருதுவது இது. சொற்பொழிவுகளால் நிறைந்த ஒரு வாரப் பயிலரங்கு இதற்குப் போதாது. பங்குகொள்ளும் ஆசிரியர் முதலில் மாணவராதல் வேண்டும். தெருவிற்குச் சென்ற தொடக்க நாள்களில் வினாநிரலை எடுக்காது, தொழிலை நோக்கியும் இயன்ற அளவு கையால் செய்தும் பழகுதல் நன்று. நூலைச் சுற்றிப் பாராதவர்க்கு எதனை வினவுவது என்பதே தெரியாது. ஒலிப்பதிவும், ஒலிப்பியல் நெறிப்படி எழுதுதலும், கருவிகளை வரைதலும் அதன்பின் வரும். ஓர் ஆசிரியர் தனித்துச் செல்வதினும், பொருளியல் அல்லது சமூகவியல் அறிந்த மற்றோர் ஆசிரியரோடு இணைந்து செல்லுதல் சிறந்தது. ஏனெனில் மக்கள் ஆசிரியரிடம் வினவுவன பெரும்பாலும் சொல்லைப் பற்றியன அல்ல. கூலி, கூட்டுறவுச் சங்கம், விண்ணப்பம் ஆகியவற்றைப் பற்றியன. அவற்றுக்கு விடை கூற இயலாதவர், கூற இயன்றாரிடம் அவர்களைச் சேர்ப்பித்தலேனும் செய்தல் வேண்டும்.

நெய்வார்க்குக் கூலி பெரும்பாலும் நெய்த துணிக்கே உரியது; கழிந்த நாளுக்கு அன்று. ஒரு மணி நேரம் நம் வினாவிற்கு விடை கூறினால் அவ்வளவு நெசவு குறையும். இவ்விழப்பினை ஈடுசெய்யும் தொகையை ஆராய்ச்சித் திட்டத்தின் செலவுக்கணக்கில் வெளிப்படையாகக் காட்டுதல் முறை. தொகுத்த சொற்களை அச்சிடுமுன் அத்தெருவிலேயே படித்துக் காட்டித் திருத்தம் பெறுதலும், அச்சிட்ட பின் படிகளை அங்கே அளித்தலும், பதிவுகளை யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்பதனை முன்னரே அவரோடு பேசி எழுதிக்கொள்ளுதலும் வேண்டும். படித்துக் காட்டும் நாளில் கிடைக்கும் திருத்தங்கள் பல நேரங்களில் முதற்பதிவினும் செறிவுடையன.

இனி, நிறுவனத்தின் பொறுப்பு. ஈராண்டு தெருவில் உழைத்த ஆசிரியர் அக்காலத்தில் கட்டுரை மிகுதியாக வெளியிட்டிருக்க மாட்டார். பதவி உயர்வுக் குழு கட்டுரைகளை மட்டும் எண்ணுமாயின், அறிவுடையோர் எவரும் அவ்வழிச் செல்லார். மானியக் குழு 2020இல் வெளியிட்ட நெறிமுறை, சமூக ஈடுபாட்டினை இரண்டு மதிப்பலகுகளை உடைய பாடமாக வைக்கவும், அதன் ஒரு பகுதியைக் களத்திலேயே நடத்தவும் வழி கூறுகின்றது. வரவேற்கத்தக்க தொடக்கமே இது. ஆனால் அப்பாடத்தை நடத்தும் ஆசிரியர்க்குப் பிற வகுப்புகளைக் குறைக்காவிடின், களப்பணி கையொப்பம் இடும் சடங்காகவே முடியும். தொழிற்சொல் தொகுதி ஒன்று ஒரு நூலுக்கு நிகராக மதிப்பிடப் பெறுதலும், அம்மதிப்பீட்டில் தொழில் வல்லார் ஒருவரும் இடம்பெறுதலும் வேண்டும்.

கால அட்டவணையும் இங்கு எண்ணத்தக்கது. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் தறிவீடுகளில் வேலை நெருக்கடி மிகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு விரித்தல் அரிது. ஆண்டின் முதற்பருவம் ஏறத்தாழ இக்காலத்தையே கொண்டுள்ளது. ஆதலின் நெசவாளர் தெருவில் களப்பணியை இரண்டாம் பருவத்தில், தை, மாசித் திங்கள்களில் அமைத்து, வகுப்பறைப் பயிற்சியை அதற்கு முன்னர் முடித்துக்கொள்ளுதல் பொருந்தும். உழவரிடம் செல்வார்க்கும் கடற்றொழில் செய்வாரிடம் செல்வார்க்கும் இக்கணக்கு வேறாகும். அதனை அவ்வூராரையே கேட்டு வகுத்தல் வேண்டும்.