நிலத் தரகு செய்ய விரும்பும் விவசாயிகள் அறிய வேண்டியவை

சம்பா அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனி மாதங்களில் கிராமங்களில் நில பேரம் சூடு பிடிக்கும். மகள் திருமணம், பழைய கடன், மகனின் கல்லூரிக் கட்டணம் என்று ஏதேனும் ஒரு காரணத்தால் அரை ஏக்கரோ முக்கால் ஏக்கரோ விலைக்கு வரும். அதைக் காட்டிப் பேரம் முடித்துக் கொடுப்பவர் பெரும்பாலும் அதே ஊர் விவசாயிதான். எந்த வயலில் களர் உண்டு, எந்தக் கிணறு சித்திரையில் வற்றும், எந்த வரப்பில் தகராறு உண்டு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒன்றிரண்டு ஏக்கரில் வரும் வருமானம் போதாத குடும்பத்திற்குத் தரகுப் பணம் ஒரு துணை. கறவை மாடு, ஆடு வளர்ப்பு போல இதையும் ஓர் உபதொழிலாகக் கொள்வதில் தவறில்லை. ஆனால் மாடு வளர்க்கத் தேவைப்படாத ஒன்று இதற்குத் தேவைப்படுகிறது. அதுதான் அரசுப் பதிவு.

மனை, அடுக்குமாடி வீடு ஆகியவற்றின் விற்பனையை ஒழுங்குபடுத்த மத்திய அரசு 2016-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றியது. 2017 மே மாதம் முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசும் அதற்கான விதிகளை வெளியிட்டு, தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக் குழுமத்தை அமைத்தது. சுருக்கமாக 'ரெரா' என்று வழங்கப்படும் இக்குழுமத்தின் அலுவலகம் சென்னை எழும்பூரில் உள்ளது. வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகம் செய்து வைத்து அதற்குக் கூலி பெறும் எவரும் இச்சட்டத்தின்படி முகவரே. பெயர்ப் பலகை வைத்த நிறுவனம் ஆனாலும், தேநீர்க் கடைத் திண்ணையில் அமர்ந்து பேரம் பேசும் தரகர் ஆனாலும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடு இல்லை.

யாருக்குப் பதிவு கட்டாயம்?

இதில்தான் பலருக்கும் குழப்பம். விவசாய நிலத்தை விவசாய நிலமாகவே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு முடித்துக் கொடுக்கும் தரகருக்கு இச்சட்டத்தின்கீழ் பதிவு தேவையில்லை. அதே நிலத்தில் மனைப்பிரிவு போட்டு, குழுமத்தில் பதிவு பெற்ற திட்டமாக விற்கும்போது, அதில் ஒரு மனையை விற்றுக் கொடுப்பதற்குக்கூட முகவர் பதிவு வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் போடும் மனைப்பிரிவு, திட்டமாகப் பதிவு செய்யப்பட வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 12 சென்ட்தான். எனவே ஊர்ப்புறத்தில் கொடி கட்டி விற்கப்படும் மனைகள் அநேகமாக அனைத்தும் இதற்குள் அடங்கிவிடும். திட்டம் பதிவு பெறாதிருந்தால், பதிவு பெற்ற முகவரும் அதில் தலையிடக் கூடாது.

பதிவின்றித் தரகு செய்தால் நாள் ஒன்றுக்கு ரூ.10,000 வீதம் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அது மொத்தத்தில் அந்த மனையின் விலையில் நூற்றுக்கு ஐந்து வரை போகலாம். கிடைத்த தரகைப் போல இரண்டு, மூன்று மடங்கு கையை விட்டுப் போகும் என்று பொருள்.

பதிவு பெறுவது எப்படி?

இது அவ்வளவு கடினமன்று. இந்தப் படிப்புத்தான் படித்திருக்க வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. (மராட்டிய மாநிலத்தில் 2023-இல் முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாக்கப்பட்டன.) குழுமத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். புகைப்படம், பான் கார்டு, முகவரிச் சான்று, கடந்த மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு ஆகியவை தேவைப்படும். விவசாய வருமானம் மட்டுமே உள்ளவர் வரிக் கணக்குத் தாக்கல் செய்திருக்க மாட்டார். அவர் அதற்கான உறுதிமொழியை இணைக்கலாம். ஆனால் தரகுப் பணம் விவசாய வருமானம் ஆகாது. பதிவு பெற்ற பின் அதைக் கணக்கில் காட்டியே தீர வேண்டும்.

2017-ஆம் ஆண்டு விதிகளில் தனி நபருக்குக் கட்டணம் ரூ.25,000 என்றும், நிறுவனமாகப் பதிவு செய்வோருக்கு ரூ.50,000 என்றும் வைக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் நாளில் நடப்புக் கட்டணத்தைச் சரிபார்த்துக் கொள்ளுதல் நலம். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே பதிவு போதும். ஆனால் புதுச்சேரி எல்லையில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்: அங்குள்ள மனைக்கு இங்கு பெற்ற எண் செல்லாது. கொடுக்கப்படும் பதிவு எண்ணை ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும். கணக்குப் புத்தகங்களும் வைத்திருத்தல் வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு மனை, இரு மனை முடிப்பவருக்கு இந்தக் கட்டணம் கட்டுப்படியாகாது. அத்தகையோர் மனைப்பிரிவுப் பக்கம் போகாமல் விவசாய நிலத் தரகோடு நின்றுகொள்வதே மேல்.

பத்திரம் படிக்கத் தெரிய வேண்டும்

பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் ஒருவர் நல்ல தரகர் ஆகிவிட முடியாது. சிறு விவசாயிக்கு நிலம் ஒன்றுதான் சொத்து. அதில் ஒரு தவறு நேர்ந்தால் அவர் ஆயுள் முழுதும் நீதிமன்றப் படி ஏற வேண்டியதுதான்.

முதலில் பட்டா. பட்டா இருந்தால் உரிமை இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பட்டா வருவாய்த் துறை ஆவணம். உரிமையைக் காட்டுவது மூலப் பத்திரமும் அதிலிருந்து தொடர்ந்து வரும் பத்திரங்களுமே. இரண்டும் ஒத்துப் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்றப் பங்காளிகள் யார், உட்பிரிவு ஆகியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வயலில் இறங்கிக் கல் இருக்கும் இடத்தைப் பார்ப்பது உத்தமம். பத்திரத்தில் 60 சென்ட், வரப்புக்குள் 54 சென்ட் என்பது நம் கிராமங்களில் புதிதன்று.

அடுத்து வில்லங்கச் சான்று. குறைந்தது 30 ஆண்டுகளுக்கு எடுப்பது வழக்கம். ஆனால் வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கங்களும் உண்டு. வாய்மொழிக் குத்தகை அதில் வராது. குத்தகைதாரர் உழுதுகொண்டிருக்கும் நிலத்தை வாங்குபவர் குத்தகையோடு சேர்த்தே வாங்குகிறார். 1955-ஆம் ஆண்டுச் சட்டம் சாகுபடிக் குத்தகைதாரருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பத்திரத்தை ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கைமாற்று வாங்கியிருந்தால் அதுவும் தெரியாது. எனவே நகலோடு திருப்தி அடையாமல் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பெண்களின் பங்கு பற்றித் தனியே சொல்ல வேண்டும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை உண்டு என்று 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் வழி செய்தது. "கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு என்ன பங்கு?" என்று அண்ணன் தம்பிகள் சொல்வதைக் கேட்டுக் கிரயம் முடித்தால், பிறகு தங்கை வழக்குப் போடும்போது தரகரையும் சாட்சிக்கு இழுப்பார்கள். வாரிசுச் சான்றிதழ் கேட்டு, எல்லாரிடமும் கையொப்பம் பெறுவதே முறை.

சில நிலங்களைத் தொடவே கூடாது. கோயில் நிலம், வக்பு நிலம், பூமிதான நிலம், அரசுப் புறம்போக்கு ஆகியவற்றைத் தனியார் விற்றுக் கொடுத்தால் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி பதிவு செய்ய இயலாது. 1892-ஆம் ஆண்டிலிருந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பிறருக்குக் கைமாற்ற முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டைப் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை தெரிந்துவிடும்.

மனையாக இருந்தால் ஊராட்சித் தலைவர் கையொப்பமிட்ட வரைபடம் போதாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் வேண்டும். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லை நம்பி வாங்கியவர்கள் திகைத்து நின்றார்கள். அவற்றை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு தனி விதிகள் கொண்டுவர வேண்டியதாயிற்று.

விவசாய நிலத் தரகில் காகிதத்திற்கு அப்பாலும் சில உண்டு. வண்டிப்பாதை பத்திரத்தில் எழுதப்பட்டுள்ளதா, கிணற்றில் எத்தனை பங்கு, முறைநீர் எந்த நாள், மின் இணைப்பு யார் பெயரில் உள்ளது ஆகியவற்றை முன்னரே கேட்டு எழுதி வைக்க வேண்டும். கிணற்று நீரை ஐப்பசியில் காட்டி விற்பது நேர்மையாகாது; கோடையில் எவ்வளவு நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மண், பாசன நீர்ப் பரிசோதனை முடிவுகளைக் காட்டும் தரகரிடம் வாங்குபவருக்கு நம்பிக்கை தானாகவே வரும்.

நிலம் விற்கும் விவசாயிகளுக்கு

தரகு இவ்வளவு என்று சட்டம் நிர்ணயிக்கவில்லை. நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்பது ஊர் வழக்கம். சிலர் நிலத்துக்காரருக்கு ஒரு விலையும் வாங்குபவருக்கு வேறு விலையும் சொல்லி இடையில் உள்ளதை எடுத்துக் கொள்கிறார்கள். 60 சென்ட் நிலம், சென்ட் ரூ.20,000 என்று விவசாயியிடம் பேசி, ரூ.24,000-க்கு விற்றால் இடைத்தொகை ரூ.2,40,000 ஆகிறது. நூற்றுக்கு இரண்டு வீதம் நேரான தரகு ரூ.28,800-தான். வாங்குபவரை நேரில் உட்கார வைத்து விலை பேசாத தரகரிடம் நிலத்தை ஒப்படைக்க வேண்டாம்.

தரகருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பவர் பெற்றவர் செய்யும் கிரயம் எழுதிக் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தும். அசல் பத்திரத்தையும் கொடுக்க வேண்டாம். ஜெராக்ஸ் நகலே போதும். முன்பணம் வாங்கினால் ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மனை வாங்குவோர், தரகர் சொல்லும் பதிவு எண்ணையும் திட்டத்தின் எண்ணையும் குழுமத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். மனை விற்பவர், பதிவு செய்த ஒப்பந்தம் இன்றி விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையங்களின் வாயிலாகப் பெற்றுக்கொள்ளலாம். பத்திரத்தில் ஐயம் இருந்தால் வழக்கறிஞரிடமும், அளவில் ஐயம் இருந்தால் வட்ட நில அளவரிடமும் கேட்டுத் தெளிந்த பின்னரே முன்பணத்தில் கை வைக்க வேண்டும்.