முன்பணமும் மதிப்பெண்ணும்: பழைய கார் வாங்கும் கணக்கு

பழைய கார் வாங்க விரும்பும் சிங்கப்பூர்வாசி, பெரிய தொகையை முன்பணமாகக் கட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கும் சுதந்திரம் தமக்கு அதிகம் இல்லை என்பதை, தேக்காவிலிருந்து புறப்பட்டு ஊபியிலோ சின் மிங்கிலோ உள்ள வியாபாரியின் மேசைக்கு முன் அமர்ந்த பிறகே பெரும்பாலும் அறிகிறார். சிங்கப்பூர் நாணய ஆணையம் 2013 பிப்ரவரியில் விதித்து, 2016 மே மாதத்தில் சற்றே தளர்த்திய விதிகளின்படி, காரின் திறந்த சந்தை மதிப்பு, அதாவது அது இறக்குமதியானபோது சுங்கத்துறை நிர்ணயித்த மதிப்பு, 20,000 வெள்ளிக்கு மேற்படாவிட்டால் விலையில் 70 விழுக்காடும், மேற்பட்டால் 60 விழுக்காடும்தான் கடனாகக் கிடைக்கும். அதையும் ஏழாண்டுகளுக்குள் அடைத்தாக வேண்டும். மத்திய சேம நிதியிலிருந்து இதற்கு ஒரு காசும் எடுக்க இயலாதாகையால், எஞ்சியதைக் கையிருப்பிலிருந்தே கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்நாட்டில் காரின் விலையில் பெரும்பகுதி வண்டியின் விலையன்று. 1990 மே மாதம் முதல் நடப்பில் உள்ள வாகன உரிமைச் சான்றிதழின் விலை. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் மட்டுமே 150,001 வெள்ளிக்கு ஏலம் போயிற்று. அதன் ஆயுள் பத்தாண்டு. ஆறாண்டு ஓடிய காரை வாங்குபவர் உண்மையில் நான்காண்டு உரிமையை வாங்குகிறார். அது நாள்தோறும் கரைந்துகொண்டே போகிறது. கடன் கொடுப்பவர் அந்த நான்காண்டுகளைத் தாண்டித் தவணை தருவதில்லை என்பதில் வியப்பில்லை.

ஒரு காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் அமர்ந்து வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், கடன் கேட்டு வந்தவரின் குலம், தொழில், ஊர் ஆகிய யாவற்றையும் விசாரித்தறிந்த பின்னரே பெட்டியைத் திறந்தார்கள். அந்த விசாரணையை இன்று கிரெடிட் பியூரோ சிங்கப்பூர் தரும் அறிக்கை செய்துவிடுகிறது. 1000 முதல் 2000 வரை ஒரு மதிப்பெண். அதற்கேற்ப ‘ஏஏ’ முதல் ‘ஹெச்ஹெச்’ வரை ஒரு தரம். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே கடந்த 12 மாத நடத்தை மாதத்திற்கு ஓர் எழுத்தாக வரிசையாய் நிற்கிறது: ஒழுங்காகக் கட்டிய மாதத்திற்கு ‘ஏ’, தாமதம் நீள நீள ‘பி’, ‘சி’, ‘டி’. மருத்துவச் செலவால் கடன் அட்டைத் தவணையைத் தவறவிட்டவரும், ஊதாரித்தனத்தால் தவறவிட்டவரும் அந்த எழுத்துகளில் ஒன்றுபோலவே தோற்றமளிப்பது எனக்கு வருத்தந்தரும் விஷயம்.

இத்தகையவர் கூடுதல் முன்பணம் கொடுத்தால் அனுகூலம் உண்டா? உண்டு, ஆனால் அதற்கு எல்லையும் உண்டு. 60,000 வெள்ளி விலையும், 18,000 வெள்ளி திறந்த சந்தை மதிப்பும், நான்காண்டு உரிமையும் உள்ள காரை உதாரணமாகக் கொள்வோம். சட்டப்படி 18,000 வெள்ளி கட்டி 42,000 கடன் வாங்கினால், ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடு நிலை வட்டியில் மாதத் தவணை 997.50 வெள்ளி. 30,000 கட்டினால் தவணை 712.50 ஆகக் குறைகிறது. (நிலை வட்டி, குறைந்துவரும் அசலைக் கணக்கில் கொள்ளாமல் முதலில் வாங்கிய முழுத்தொகைக்கும் இறுதிவரை கணக்கிடப்படுவதாகையால், அந்த மூன்றரை உண்மையில் ஏறத்தாழ ஆறரை விழுக்காடு.) கடன் திரும்பாவிட்டால் நிறுவனத்துக்கு நேரும் நஷ்டத்தைப் பெரிய முன்பணம் குறைக்கிறது, ஆனால் தவணை தவறாது என்ற உறுதியை அது தருவதில்லை. ஆகவேதான் பாதி விலையைக் கையில் வைத்திருப்பவரிடமும் ஜாமீன்தாரைக் கேட்கிறார்கள், அல்லது வட்டியை உயர்த்துகிறார்கள்.

அந்த முன்பணத்தையே கடனாகப் புரட்டுவதுதான் பெரும் ஆபத்து. உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர் சட்டப்படி மாதத்திற்கு 4 விழுக்காடு வரை வட்டி வசூலிக்கலாம். 18,000 வெள்ளிக்கு முதல் மாத வட்டி மட்டும் 720 வெள்ளி; மேற்சொன்ன காருக்கு மாதந்தோறும் கட்டும் 997.50 வெள்ளித் தவணையோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். சேமிப்பு முழுவதையும் காரில் போட்டுவிட்டு, சாலை வரிக்கும் காப்புறுதிக்கும் கையேந்துவதும் உசிதமன்று.

வியாபாரியிடம் போகுமுன் தம்முடைய கடன் அறிக்கையைத் தாமே வாங்கிப் பார்ப்பது அவசியம். வியாபாரி நல்லெண்ணத்தோடு ஐந்து வங்கிகளுக்கு மனு அனுப்பினாலும், ஐந்து விசாரணைகள் அறிக்கையில் பதிவாகி அடுத்த வங்கியின் கண்ணில் படும். பாக்கியைத் தீர்த்துவிட்டு ஓராண்டு பொறுத்திருந்தால் அந்த 12 எழுத்துகளும் புதியனவாகிவிடும். அவ்வளவு பொறுக்க இயலாதவர், வைப்புத்தொகை கொடுக்குமுன், கடன் மறுக்கப்பட்டால் பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்ற வாசகத்தை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லி, இரு தரப்பும் கையொப்பமிட்ட பிரதி ஒன்றைத் தம்வசம் வாங்கிக்கொள்ள வேண்டும்.