பார்பெல் ஸ்குவாட்: முழங்கால் தேயுமா, தேறுமா?

திருமலைக்கு ஏறும் அலிபிரி பாதையின் 3,550 படிகளில் ஏறுகிறவருக்கு, முழங்கால் முறிச்சான் என்ற செங்குத்தான ஏற்றம் வந்ததும் தொடை வலிமையின் அருமை தெரிந்துவிடும். அந்த வலிமையைத் தரும் சிறந்த பயிற்சிகளில் ஒன்று பார்பெல் ஸ்குவாட். தோளில் பாரம் ஏற்றிப் போடும் பஸ்கிதான் இது. சித்தூர், திருப்பதி ஜிம்களில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு எழக்கூடிய சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

ஆழமாக உட்கார்ந்தால் முழங்கால் கெட்டுவிடும் என்கிறார்களே?

1961-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன், ஆழமான ஸ்குவாட் முழங்கால் மூட்டின் நார்களைத் தளர்த்திவிடும் என்றார். பின்னர் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அச்சம் மட்டும் நிலைத்துவிட்டது. ஆரோக்கியமான மூட்டு உள்ளவர், தொடை தரைக்கு இணையாகும்வரை தாராளமாக இறங்கலாம். கீழ்முதுகு வளையத் தொடங்கினால் அதுவே அவரவர் எல்லை.

முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாதா?

தாண்டலாம். தொடையெலும்பு நீளமானவர் தாண்டாமல் ஆழமாக இறங்குவது கடினம். 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முழங்கால் முன்னே போகாதபடி பலகை வைத்துத் தடுத்தார்கள். முழங்காலில் விழுந்த திருகுவிசை 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117 ஆகக் குறைந்தது; இடுப்பிலோ 28-லிருந்து 303 ஆக ஏறியது. சுமை இடம்மாறியதே மிச்சம். முழங்கால் உள்பக்கம் சாயாமல் கால்விரல் காட்டும் திசையில் போகிறதா, குதிகால் தரையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

சரியான முறை என்ன?

பாரை மேல்மார்பு உயரத்தில் ரேக்கில் வையுங்கள். கழுத்தெலும்பில் வைக்காமல், தோள்பட்டைகளைச் சேர்க்கும்போது திரளும் மேல்முதுகுத் தசையில் ஏற்றிக்கொள்ளுங்கள். பின்வாங்கி, பாதங்களைத் தோளகலத்தில் வைத்து, விரல்களைச் சற்றே வெளியே திருப்புங்கள். மூச்சை இழுத்து வயிற்றை இறுக்குங்கள். இடுப்பையும் முழங்காலையும் ஒருசேர மடக்கி, மணையில் உட்காரப்போவதுபோல இறங்குங்கள். பாதம் முழுவதும் தரையில் அழுந்த எழுங்கள். இடுப்பு மட்டும் முந்திக்கொண்டு எழுந்து நெஞ்சு கவிழ்ந்தால் எடை அதிகம் என்று பொருள். மேலே வரும்போது மூச்சை விடலாம்.

எவ்வளவு எடையில் தொடங்குவது?

ஒலிம்பிக் அளவு வெறும் பாரே ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ. முதலில் பாரம் இல்லாத பஸ்கி, அடுத்து வெறும் பார். வாரம் இருமுறை, 8 முறை வீதம் 3 செட் போதும். வடிவம் கெடாதவரை 2.5 கிலோ வீதம் கூட்டுங்கள். ரேக்கின் பாதுகாப்புக் கம்பிகளை, நீங்கள் இறங்கும் கடைசி மட்டத்துக்குச் சற்றுக் கீழே மாட்டிவிடுங்கள். எழ முடியாமல் போனால் பாரை அதில் இறக்கிவிடலாம்.

பெண்கள் செய்யலாமா?

செய்யலாம். ஆந்திரப் பளுதூக்கும் வீராங்கனை கர்ணம் மல்லேஸ்வரி 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஸ்நாட்சில் 110, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130, மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். கிளீனில் பாரை மார்பில் ஏந்தியபடி எழுவதும் ஒருவகை ஸ்குவாட்தான். எலும்பு வலுப்பெறவும் ஸ்குவாட் உதவும். உடம்பு ஆண்போல் பருத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அதற்குத் தேவையான ஹார்மோன் பெண்களுக்கு மிகக் குறைவு.

மலையேறுவதற்கு முன் செய்யலாமா?

நடைப்பயணத்துக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் கனமான ஸ்குவாட் வேண்டாம். வலிக்கும் தொடையோடு படியேறுவது சிரமம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

மூச்சடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் எகிறும். ஆகவே உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், டிஸ்க் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். தொடைத் தசையில் இரண்டு மூன்று நாள் வலிப்பது இயல்பு. மூட்டுக்குள் குத்தல், வீக்கம், முழங்கால் பூட்டிக்கொள்வது ஆகியவை இயல்பல்ல. பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.