‘பி டீம்’ ஆகாமல் ஒரு கேள்வி கேட்க முடியுமா? கருணாபுரம் காட்டிய அரசியல்

2024 ஜூன் 29. தமிழ்நாடு சட்டப்பேரவையில் மதுவிலக்குத் திருத்த மசோதா நிறைவேறியது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்று 1937-ம் ஆண்டுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. எந்தக் கட்சியும் எதிர்க்கக்கூடிய மசோதா இல்லை. ஆனால், அதன் மீது பேச பிரதான எதிர்க்கட்சி அவையில் இல்லை. அதிமுக உறுப்பினர்கள் மூன்று நாட்களுக்கு முன்பே கூட்டத்தொடர் முழுவதற்கும் சஸ்பெண்ட் செய்யப்பட்டிருந்தார்கள்.

அந்த மசோதாவுக்குக் காரணமான ஊர் கருணாபுரம். கள்ளக்குறிச்சி நகருக்குள்ளேயே இருக்கும், கூலி வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் வாழும் பகுதி. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரம்தான். அங்கே ஜூன் 18-ம் தேதி முதல் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வயிற்று வலி, பார்வை மங்கல் என்று ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆட்சியர் மாற்றப்பட்டார், எஸ்.பி. சஸ்பெண்ட் செய்யப்பட்டார். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணம், சிபிசிஐடி விசாரணை, ஓய்வுபெற்ற நீதிபதி பி.கோகுல்தாஸ் தலைமையில் ஒரு நபர் ஆணையம் என அறிவிப்புகள் வரிசையாக வந்தன.

அப்போது மக்கள் மனதில் இருந்த கேள்விகள் சுலபமானவை. தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால், சாராய பாக்கெட்டுக்குள் எப்படி வந்தது? 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் இதே மெத்தனால் 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, பதின்மூன்றே மாதத்தில் இது எப்படித் திரும்ப நடந்தது? போலீஸுக்கு எவ்வளவு தெரியும்?

பேரவையில் நடந்தது வேறு. ஜூன் 21 அன்று அதிமுகவினர் கறுப்புச் சட்டையில் வந்தார்கள்; மற்ற அலுவலை ஒதுக்கிவிட்டு உடனே விவாதிக்கச் சொன்னார்கள்; அமளி, வெளியேற்றம். ஜூன் 26-ல் சஸ்பெண்ட். மறுநாள் சென்னையில் உண்ணாவிரதம். டெல்லியிலிருந்து பாஜக தலைவர் நட்டா, காங்கிரஸ் தலைவர் கார்கேவுக்கு ‘ஏன் மௌனம்?’ என்று கடிதம் எழுதினார். ஒரு வாரத்துக்குள் ‘மெத்தனால் எங்கிருந்து வந்தது’ என்ற கேள்வி, ‘நீங்க எந்தப் பக்கம்?’ என்று மாறிவிட்டது.

கொள்கையில் தூரமே இல்லையே!

வேடிக்கை என்னவென்றால், மது விஷயத்தில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது. சில்லறை மது விற்பனையை 2003-ல் டாஸ்மாக் கைக்குக் கொண்டுவந்தது அதிமுக அரசு. அதன் பிறகு யார் வந்தாலும் கடை நடக்கிறது. 2016 தேர்தலில் மதுவிலக்கு வரும் என்று இருவரும் வாக்குறுதி கொடுத்தார்கள். ஜெயலலிதா பதவியேற்ற அன்றே 500 கடைகளை மூடும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். 2023 ஜூனில் திமுக அரசும் கடைகளை மூடியது. எத்தனை? அதே 500.

அரசியல் ஆய்வாளர்கள் இரண்டு விதமான தூரத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒன்று, கொள்கைகளுக்கு இடையிலான தூரம். இன்னொன்று, எதிர்த் தரப்பு என்ன சொன்னாலும் பிடிக்காது என்ற மனத் தூரம். அமெரிக்காவில் இரண்டுமே கூடிவிட்டன. எல்லைப் பாதுகாப்பு மசோதா இதற்குச் சரியான உதாரணம். குடியரசுக் கட்சியின் லேங்க்ஃபோர்ட், ஜனநாயகக் கட்சியின் மர்ஃபி, சுயேச்சையான சினிமா (ஆம், பெயரே அதுதான்) ஆகிய மூன்று செனட்டர்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி எழுதியது அது. ட்ரம்ப் வேண்டாம் என்றார். 2024 பிப்ரவரி 7 அன்று செனட்டில் 49-50 என்ற கணக்கில் மசோதா முன்னேற முடியாமல் விழுந்தது. நடுவில் நின்று பேரம் பேசக்கூடியவர்கள் என்று பெயரெடுத்த சினிமா, ஜோ மன்சின், மிட் ராம்னி மூவருமே அந்த ஆண்டு மறுபடி போட்டியிடவில்லை. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் தீவிர ஆதரவாளர்களின் கை ஓங்கியிருப்பதால், நடுவில் நிற்பவர் முதலில் சொந்தக் கட்சியிலேயே தோற்கும் அபாயம் அங்கே இருக்கிறது.

தமிழ்நாட்டில் முதல் தூரம் குறைவு, இரண்டாவதுதான் பெரிசு.

இங்கே ஒரு மன்சின் ஏன் இல்லை?

2021 டிசம்பரில் சொந்தக் கட்சி அதிபர் பைடனின் பெரிய திட்டத்தையே மன்சின் தடுத்து நிறுத்தினார். பதவி போகவில்லை. இந்தியாவில் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரும். விலைபோகும் எம்.எல்.ஏ.க்களைத் தடுக்க வந்த சட்டம்தான். ஆனால் மனசாட்சிப்படி மாறி வாக்களிப்பவரையும் அது ஒரே தட்டில் வைக்கிறது. 2024-ல் கள்ளக்குறிச்சியில் எம்.பி. திமுக, எம்.எல்.ஏ. அதிமுக. தொகுதி பிரச்சனைக்காக இருவரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று செய்தி வந்திருந்தால் அதுவே அதிசயம்.

ஆகவே இங்கே நடு என்பது தனி ஆளாக இருக்க முடியாது. கட்சியாகத்தான் இருக்க முடியும். அந்தக் கட்சிகளின் கதை கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. 2011-ல் விஜயகாந்த் ஜெயித்தது ரிஷிவந்தியத்தில். அதிமுக கூட்டணியில் 29 இடங்கள் பிடித்து, 23 இடங்களே பெற்ற திமுகவைத் தாண்டி, எதிர்க்கட்சித் தலைவரும் ஆனார். 2016-ல் மக்கள் நலக் கூட்டணியின் முதல்வர் வேட்பாளராகப் பக்கத்தில் இருக்கும் உளுந்தூர்பேட்டையில் நின்றார். டெபாசிட் போனது. கூட்டணிக்கு ஓர் இடம்கூட இல்லை.

1989-ல் மூப்பனார் தலைமையில் தனித்து நின்ற காங்கிரஸ் சுமார் 20 சதவீத வாக்கும் 26 தொகுதிகளும் வாங்கியது. அந்த அளவு வாக்குகூட நடுவுக்குப் பிறகு சேரவில்லை. பெயரிலேயே ‘மய்யம்’ வைத்த கட்சிக்கும் இதே கதி. 2018-ல் இடதும் அல்ல, வலதும் அல்ல என்று தொடங்கினார் கமல்ஹாசன். 2021-ல் கோவை தெற்கில் 1,728 வாக்குகளில் தோற்றார். 2024-ல் கட்சி போட்டியிடாமல் திமுக கூட்டணியை ஆதரித்தது. 2025-ல் அந்தக் கூட்டணியின் பலத்தில் அவர் மாநிலங்களவைக்குப் போனார். நாம் தமிழர் கட்சி 2024-ல் 8 சதவீதம் தாண்டியது உண்மை. ஆனால் அது இரண்டையும் எதிர்க்கும் இன்னொரு துருவம், நடு அல்ல.

அதிக வாக்கு வாங்கியவருக்கே தொகுதி என்ற முறையில், மூன்றாவதாக வருகிறவருக்குப் போட்ட ஓட்டு வீண் என்று வாக்காளர் நினைப்பது இயல்பு. அதற்கு மேல் சமூக ஊடகத்தில் ஒரு முத்திரையும் தயார்: ‘பி டீம்’. ஆளுங்கட்சியைக் கேட்டால் அந்தப் பக்கத்து பி டீம், எதிர்க்கட்சியைக் கேட்டால் இந்தப் பக்கத்து பி டீம்.

இதை ஆளும் கூட்டணிக்குள் இருந்துகொண்டே சோதித்துப் பார்த்தவர் திருமாவளவன். கருணாபுரம் மரணங்களுக்குப் பிறகு, 2024 அக்டோபர் 2-ல் உளுந்தூர்பேட்டையில் மது ஒழிப்பு மகளிர் மாநாடு என்று விசிக அறிவித்தது. அதிமுகவும் வரலாம் என்றார் அவர். பாஜக, பாமகவுக்கு அழைப்பில்லை. ஆக அவர் திறந்த கதவும் பாதிதான். அவ்வளவுக்கே, மதுவைப் பற்றி யாரும் பேசவில்லை. ‘கூட்டணி மாறுகிறாரா?’ என்பதே ஒரு வாரத்துக்குத் தலைப்புச் செய்தி. அவர் முதல்வர் ஸ்டாலினைச் சந்தித்தார். மாநாட்டுக்கு திமுக இரண்டு பிரதிநிதிகளை அனுப்பியது. அதிமுக வரவில்லை. தேசிய அளவில் மதுவிலக்குக் கொள்கை வேண்டும் என்ற கோரிக்கை முன்னுக்கு வந்தது. மாநிலத்தில் கடை நடத்துவோரும் சங்கடமில்லாமல் கைதட்டக்கூடிய கோரிக்கை அது!

பேச இடமில்லாத கேள்விகள் எங்கே போயின? கோர்ட்டுக்கு. 2024 நவம்பர் 20 அன்று சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. தமிழ்நாடு அரசின் மேல்முறையீட்டை டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அங்கேயும் மனுப் போட்டவர்களில் பெரும்பாலோர் அதிமுக, பாமக, பாஜக, தேமுதிகவினர்தான்.

கட்சிக்காரர் யாரும் மனுப் போடாமலே ஒரு வழக்கு வந்தது. சாராயம் என்றாலே கல்வராயன் மலையைக் கைகாட்டுவது அந்த வட்டாரத்தில் வழக்கம். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. அங்கே வாழும் பழங்குடி மக்களுக்குச் சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி என்னதான் இருக்கிறது என்று 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்து, அரசிடம் கேட்டது.