சாம்பலுக்குத் தப்பிய வரிப் புத்தகம்... அதில் ஒளிந்திருக்கும் கொள்ளுத்தாத்தா!

1922, ஜூன் 30. அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் வெடித்து மூன்றாவது நாள். டப்ளின் நகரின் 'ஃபோர் கோர்ட்ஸ்' நீதிமன்ற வளாகத்தில் பயங்கர வெடிச்சத்தம். அங்கிருந்த பொது ஆவணக் காப்பகம் பற்றி எரிந்தது. பல நூற்றாண்டுக் காகிதங்கள் கருகி, நகரமெங்கும் பறந்தன.

1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும் பெரும்பாலும் அன்று சாம்பலாயின. அதற்குப் பிறகு எடுத்தவையாவது மிஞ்சியதா என்றால், அதுவும் இல்லை. 1861 முதல் 1891 வரையிலான கணக்கெடுப்புப் படிவங்களை அரசாங்கமே முன்னதாக அழித்துவிட்டது. தீயைவிட இதுதான் கொடுமை!

அதனால்தான், 'எங்கள் கொள்ளுத்தாத்தா அயர்லாந்தில் குத்தகை விவசாயி' என்று மட்டும் தெரிந்த ஒரு குடும்பம், வேரைத் தேடிப் போகும்போது நில ஆவணங்களின் கதவைத் தட்டுகிறது. அவருக்குச் சொந்த நிலம் கிடையாது. ஆனால், உழுத நிலத்துக்கு வரி உண்டே!

வரிக்காக எழுதிய இரண்டு பதிவுகள் இங்கே முக்கியம். ஒன்று, 1823 முதல் 1838 வரை தேவாலய வரிக்காக எழுதிய 'டைத்' புத்தகங்கள். இன்னொன்று, ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் நடந்த மதிப்பீடு. 1847-ல் தொடங்கி 1864 வரை வெளியானது. குத்தகைதாரர் பெயர், அவருக்கு நிலம் விட்டவர் பெயர், பரப்பளவு, ஆண்டு மதிப்பு என எல்லாம் ஒரே வரியில் இருக்கும். குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மனைவி, பிள்ளைகள் இருந்த சுவடே இருக்காது.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் 1845-ல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, பெரும் பஞ்சம் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் அதிகமானோர் கப்பலேறினார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தால் நிவாரணம் இல்லை என்று 1847-ல் சட்டம் வேறு! சோறா, நிலமா என்ற நிலை. முதல் புத்தகத்தில் இருக்கும் பெயர் இரண்டாவதில் இல்லையென்றால், தேடுபவருக்கு நெஞ்சு அடைக்கும். ஆனாலும் அவசரப்பட்டு முடிவுகட்ட முடியாது. குடும்பம் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்திருக்கலாம்.

ஊர் என்றால் 'டவுன்லேண்ட்'. பெயரில் 'டவுன்' இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சில வயல்களும் வீடுகளும் சேர்ந்த சிறு பகுதிதான் அது. அயர்லாந்தில் இவை 60,000-க்கும் மேல். இதன் பெயர் தெரியாமல் 'பேட்ரிக் மர்ஃபி' என்று தேடினால், பேட்ரிக் மர்ஃபிகள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒரே ஊரில் இரண்டு பேர் என்றால், அடையாளத்துக்காக அப்பா பெயரையோ பட்டப்பெயரையோ அதிகாரிகள் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அந்தச் சின்னக் குறிப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

உண்மையான புதையல் அடுத்துதான் இருக்கிறது. கிரிஃபித் மதிப்பீட்டுக்குப் பிறகு அதிகாரிகள் அவ்வப்போது திருத்தி வந்த கையெழுத்துப் புத்தகங்கள். பழைய பெயரை அடித்து, வண்ண மையில் புதிய பெயரை எழுதி, பக்கத்தில் ஆண்டைக் குறித்திருப்பார்கள். பேட்ரிக் போய் மைக்கேல் வந்தால், அப்பா இறந்திருக்கலாம். அல்லது மகனிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கலாம். திருத்தம் சில ஆண்டுகள் தாமதமாக ஏறுவதும் உண்டு. அதனால் அந்த ஆண்டை அப்படியே இறந்த ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்படி 1901 வரை வந்துவிட்டால் பாதி கிணறு தாண்டியாயிற்று. 1901, 1911 கணக்கெடுப்புகள் தப்பிப் பிழைத்து, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வரிப் புத்தகத்தில் வெறும் பெயராக இருந்தவருக்கு, அங்கேதான் மனைவியும் பிள்ளைகளும் வயதோடு வந்து சேர்கிறார்கள்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1903-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, உழுத நிலத்தைக் குத்தகைதாரர்களே அரசுக் கடனில் வாங்கினார்கள். தவணைக் காலம் 68½ ஆண்டுகள்! அப்படி வாங்கியவர்களின் வரியில் 'எல்.ஏ.பி' என்று மூன்றெழுத்து முத்திரை விழுந்திருக்கும். நிலம் விட்டவருக்கான கட்டத்தில், பண்ணையார் பெயர் மேல் ஒரு கோடு.